ஒருவனுக்கு மூன்று பேர்

பாம்பன்
2.6.2025

அன்புள்ள பூமி,

நீயும் அமுதவள்ளியும் மாலதியும் கமுதி வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் லூர்து மேரியும் இருக்கிறோம். நலம் என்று எழுத நினைத்தேன், கை வரவில்லை. தடைக்காலம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிறது. நானும் அப்படித்தான்.

நேற்று நம் ரசிகர் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து விலகிவிட்டேன், பார்த்திருப்பாய். ஹமீது சுல்தான் அட்மின் ஆனதிலிருந்து அது சந்தைக்கடை. உசாமாவைக் கொடுத்தால் நமக்கு என்ன கிடைக்கும் என்று பட்டியல் போட்டிருந்தான். நான் ஒரே ஒரு வரி எழுத உட்கார்ந்தேன். என் கட்டை விரலுக்கு மூன்று எழுத்து சேர்ந்து விழுகிறது. எழுதியது ஏதோ ஆகி, நாற்பது பேரும் சிரித்தார்கள். ஒருவன், ‘செவிட்டு மாமாவுக்குக் கண்ணும் போச்சா’ என்று போட்டான். போதும் என்று வெளியே வந்துவிட்டேன்.

போனில் பேசலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இருபத்தாறு வருஷம் படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றதில் வலது காது முழுசும் இடது காது பாதியும் போய்விட்டது என்பது உனக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசினால்தான் ஏதாவது விழுகிறது. ஆகவே தபால். நீயும் தபாலிலேயே பதில் போடு.

கேள்வி இதுதான். நம் சேது ஹாக்கி கழகத்தின் சென்டர் ஃபார்வர்ட் உசாமாவைக் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிளப்புக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இரண்டு ஃபுல் பேக்கும் ஒரு கோல்கீப்பரும் வாங்கப் போகிறோம் என்கிறார்களே, உண்மையா? செயலாளர் நீதான். உனக்குத் தெரியாமல் நடக்காது. போன சீசனில் நாம் போட்ட இருபத்தாறு கோலில் பத்தொன்பது அவன் போட்டது. வலது கையைக் கொடுத்துவிட்டு மூன்று கைக்குட்டை வாங்குகிற கதையாக இருக்கிறது.

உடனே எழுது.

உன்
பிரடெரிக்


கமுதி
6.6.2025

அன்பு மாப்ளே பிரடெரிக்குக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. தபால்காரர் அதைப் பக்கத்து வீட்டு உலகம்மாள் திண்ணையில் போட்டுவிட்டுப் போய், அவர்கள் கோழிக்குத் தீனி போடும்போது பார்த்து எடுத்து வந்து கொடுத்தார்கள். மாலதிக்கு ஒரே ஆச்சரியம். ‘இப்பவும் லெட்டர் எழுதுறாங்களா அய்யா?’ என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

உண்மைதான். கரிசல் கிளப் கேட்டது. நான் மறுக்கவில்லை. ஜூன் 29 ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ராமநாதபுரம் பள்ளிக்கூட ஹாலில் உறுப்பினர் கூட்டம். கை தூக்கச் சொல்லி முடிவு செய்யப்போகிறோம்.

நீ பத்தொன்பது கோலைச் சொல்கிறாய். நான் நாம் வாங்கிய முப்பத்தெட்டைச் சொல்கிறேன். நானும் ஒரு காலத்தில் இதே அணிக்குக் கோலில் நின்றவன். நீ இடது ஓரத்தில் ஓடிக்கொண்டிருப்பாய், உன் முதுகுதான் எனக்குத் தெரியும். முன்னால் எத்தனை போட்டாலும் பின்னால் ஆள் இல்லையென்றால் என்ன ஆகும் என்பது கோலில் நின்றவனுக்குத்தான் தெரியும். நாலு போட்டு அஞ்சு வாங்கினோம். மூன்று போட்டு ஆறு வாங்கினோம். உசாமா ஒருத்தன் தோளில் மற்ற பத்துப் பேரும் ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கிறோம். மூன்று பேர் வந்தால் அணி அணியாக இருக்கும்.

எனக்கும் அலுத்துவிட்டது மாப்ளே. பதினோரு வருஷமாகச் செயலாளர். மைதானத்தில் கருவேல முள் பொறுக்குவது, தண்ணீர் லாரிக்குச் சொல்வது, எவன் வீட்டுக் கல்யாணத்துக்காகவோ ஆட்டத்தைத் தள்ளி வைப்பது, தோற்றால் ஏச்சு வாங்குவது. பருத்தி இந்த வருஷம் கைவிட்டது. வீட்டிலும் ஏச்சு.

குரூப்பில் நீ இல்லாதது எனக்குக் குறைதான். நீ போன பிறகு சத்தம் கூடியிருக்கிறது, விஷயம் குறைந்திருக்கிறது.

லூர்து மேரியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
பூமிநாதன்


பாம்பன்
10.6.2025

அன்புள்ள பூமி,

கடிதம் கிடைத்தது. நீ அலுத்துப் போயிருக்கிறாய் என்பது எழுத்திலேயே தெரிகிறது. முன்பெல்லாம் வரிகள் மேலே ஏறும். இப்போது தாளில் வலது பக்கம் போகப் போகச் சரிகிறது.

உன் கணக்கு எனக்குப் புரிகிறது. ஒத்துக்கொள்ள முடியவில்லை.

பிப்ரவரியில் சாயல்குடியில் நடந்த ஆட்டம் ஞாபகம் இருக்கும். இரண்டு ஒன்று என்று பின்தங்கி நிற்கிறோம். பந்து நடுவில் யாருக்கும் இல்லாமல் கிடக்கிறது. உசாமா அதை நோக்கி ஓடவே இல்லை. இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்து நின்றான், அவ்வளவுதான். எதிராளி இரண்டு பேர் பந்துக்குப் பாய்ந்து ஒருவர் மட்டையை ஒருவர் தட்டினார்கள். பந்து தானாக அவன் காலடிக்கு வந்தது. அங்கேயிருந்து அவன் போனதை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாரியூரிலிருந்து வலைக்காரப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்களே, அவர்கள் உன் ஃபுல் பேக்கைப் பார்க்கவா வந்தார்கள்? கோல் வாங்காமல் நாலாவது இடம் வருகிற அணியை யார் பார்ப்பது?

இன்னொன்று. அவனைப் போல ஒருத்தன் நம் கரையில் எப்போது வந்தான், அடுத்து எப்போது வருவான்? பாம்பனில் பதினொரு உறுப்பினர் இருக்கிறோம். மற்ற பத்துப் பேரிடமும் பேசிவிட்டேன். ஒரு கை கூட உனக்கு உயராது. கோபித்துக்கொள்ளாதே, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு சந்தேகம். ஈஸ்டருக்குப் பிறகு உசாமா பயிற்சிக்கே வரவில்லை என்கிறார்கள். இங்கே பக்கத்தில் மண்டபத்தில்தானே இருக்கிறான். இந்த விவகாரத்தில் மனம் நொந்திருப்பானோ? படகு கடலுக்குப் போக ஆரம்பிக்கும் முன் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன்.

உன்
பிரடெரிக்


கமுதி
14.6.2025

அன்பு பிரடெரிக்,

அவசரமாக எழுதுகிறேன். உசாமா வீட்டுக்கு இப்போது போகாதே. இருபத்து மூன்று வயதுப் பையன். ஆளாளுக்குப் போய் ஆளுக்கொன்று சொன்னால் குழம்பிவிடுவான். நான் அவனிடம் பேசிவிட்டேன். அவனுக்கும் சம்மதம்தான்.

பதினொரு கை உயராவிட்டால் பரவாயில்லை. மற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் போகாதே.

பூமிநாதன்


பாம்பன்
19.6.2025

பூமிநாதனுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே போய்விட்டேன். வந்திருந்தாலும் போயிருப்பேன்.

உசாமாவின் உம்மா வாசலில் பாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். ‘மாடியில இருக்கான், கூப்பிடுறேன்’ என்றார்கள். அவன் படியில் இறங்கி வந்தான். எப்படி இறங்கினான் தெரியுமா? பக்கவாட்டாகத் திரும்பி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, என் மாமியார் எழுபத்தெட்டு வயதில் இறங்குவது போல.

‘ஏலே, என்னடா இது?’ என்றேன்.

‘ஒண்ணுமில்ல மாமா. உக்காருங்க.’

‘காலைக் காட்டு.’

கைலியை முட்டிக்கு மேலே தூக்கினான். வலது முட்டி வீங்கி இரண்டு முட்டியாக இருந்தது.

‘ஜவ்வு கிழிஞ்சிருக்கு மாமா. பிப்ரவரியிலயே. சாயல்குடி மேட்ச் கடைசியில திரும்பும்போது உள்ளுக்குள்ள ஏதோ தெறிச்ச மாதிரி சத்தம் கேட்டுச்சு.’

‘யாருக்கிட்டயும் சொல்லலையா?’

‘பூமி மாமாவுக்குத் தெரியுமே. அவுகதான் மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி ஸ்கேன் எடுத்தாக.’

நான் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் காதுதான் தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். இன்னொரு முறையும் அதையே சொன்னான். அதற்குப் பிறகும் மூன்று ஆட்டம் வலி ஊசி போட்டு ஆடியிருக்கிறான். அரையிறுதி உட்பட.

கிளம்பும்போது கேட்டான்: ‘என்னய வேணாமுன்னுதான் தள்ளிவிடுறாகளா மாமா?’

தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

பூமி, ஏலத்துக்கு வரும்போது நாறின மீனை அடியில் போட்டு மேலே நல்ல மீனைப் பரப்புகிறவனைக் கடற்கரையில் நாங்கள் என்ன சொல்வோம் என்று உனக்குத் தெரியும். நீ அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாயா? கரிசல் கிளப்புக்குத் தெரியாமல், நமக்கும் தெரியாமல், கிழிந்த முட்டியைக் கொடுத்து மூன்று பேரை வாங்குகிறாயா? கோல் கணக்கெல்லாம் என்னிடம் எதற்குச் சொன்னாய்? நானும் முட்டாள் மாதிரி பதில் கணக்குச் சொன்னேனே.

இதற்கு நீ பதில் எழுத வேண்டும்.

பிரடெரிக்


கமுதி
23.6.2025

அன்பு பிரடெரிக்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தோட்டத்துக் கிணற்றடியில் போய் உட்கார்ந்திருந்தேன். அமுதவள்ளி இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டாள். உன்னிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. நாலு மாதமாக மறைத்ததில் உடம்பே கனத்துவிட்டது. எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

ஸ்கேன் எடுத்தது நான்தான். டாக்டர் படத்தை விளக்கில் பிடித்துக் காட்டினார். ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு ஒன்பது மாதம் தினமும் ஒருவர் கூட இருந்து பயிற்சி கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டம் மட்டுமல்ல, நடையே கோணிப்போகும் என்றார். அரசுக் காப்பீட்டில் ஆபரேஷன் செய்துவிடலாம், காத்திருக்க வேண்டும். அந்த ஒன்பது மாதத்துக்கு நாம் எங்கே போவது? நம் கழகத்தில் என்ன இருக்கிறது? பழைய கோல் வலையும் பயிற்சிக்கு வைக்கிற மூன்று பிளாஸ்டிக் கூம்பும்தான் இருக்கிறது. மூன்று பெரிய மனிதர்கள் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார்கள்.

கரிசல் கிளப்புக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டி ஆலை இருக்கிறது. அவர்களுக்கென்று டாக்டர், ஃபிசியோ, எல்லாம் உண்டு. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து ஆட்டக்காரனின் உடம்பு அவர்கள் பொறுப்பு. அங்கே போய்ச் சேர்ந்த முதல் வாரம் முட்டி தெரியவரும். தெரிந்தால் என்ன செய்வார்கள்? திட்டுவார்கள். ஆனால் வைத்தியம் பார்த்தே ஆக வேண்டும். நான் யோசித்தது அதுதான். சும்மா கொடுத்தால் ஏன் சும்மா கொடுக்கிறான் என்று சந்தேகம் வரும். அதனால் மூன்று பேரைக் கேட்டேன். நிறையக் கேட்டால்தான் பொருள் நல்ல பொருள் என்று நம்புவார்கள். நீ சொன்ன மீன் கதையே சரி. மறுக்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அரையிறுதியில் கடைசிக் கால் பகுதிக்கு முன் அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. ஸ்கேன் எடுத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். நான் குனிந்து, ‘இன்னும் பதினஞ்சு நிமிசம் தாங்குவியா?’ என்று கேட்டேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். ‘நீங்க சொன்னா தாங்குறேன் மாமா’ என்றான். நான் ‘போ’ என்றேன். போனான். ஒரு கோல் போட்டான். அப்படியும் நாம் தோற்றோம். மறுநாள் மட்டையை ஊன்றித்தான் பஸ்ஸை விட்டு இறங்கினான்.

கேட்டது நான். அதனால்தான் இப்போது எந்த வழியிலாவது அவன் முட்டி சரியாக வேண்டும் என்று இருக்கிறது. யார் என்னை என்ன சொன்னாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

29ஆம் தேதி வரை பேசாமல் இரு. உன் கை எனக்காக உயர வேண்டாம். வாய் திறக்காமல் இருந்தால் போதும். இத்தனை வருஷத்தில் உன்னிடம் வேறெதுவும் கேட்டதில்லை.

பூமி


பாம்பன்
26.6.2025

அன்புள்ள பூமி,

இதை ராமநாதபுரம் பஸ் கண்டக்டர் அலியாரிடம் கொடுத்து விடுகிறேன். அவர் கமுதி வண்டியில் யாரிடமாவது கொடுப்பார். தபால் கூட்டத்துக்குள் வந்து சேராது.

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, கோபத்தில் அல்ல. கோபம் உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்திலேயே போய்விட்டது. ‘போ’ என்று சொன்ன இடத்தில் நான் நின்றிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அந்த ஆட்டத்தில் நான் வேலிக்கு வெளியே நின்று, ‘உசாமாவை இறக்கு, உசாமாவை இறக்கு’ என்று கத்தினேனே. அந்தக் கத்தலும் உன் காதில் விழுந்திருக்கும்.

லூர்து மேரியிடம் சொன்னேன். அவள், ‘அந்தப் புள்ளைக்கிட்ட கேட்டீகளா?’ என்றாள். கேட்கவில்லை என்றேன். ‘முட்டி அவனோடதுதானே’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் உன்னைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறான் பூமி. தள்ளிவிடுகிறாய் என்று நினைக்கிறான். அவனிடம் நீ உன் காரணத்தைச் சொல்லவில்லை, சொன்னாயா?

கூட்டத்தில் நான் வாய் திறக்க மாட்டேன். அதை மட்டும் உனக்குத் தருகிறேன். ஆனால் இந்த விஷயம் இப்படியே போவது எனக்குச் சரியாகப் படவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல்தான் இதை முடிக்கிறேன்.

உன்
பிரடெரிக்


கமுதி
3.7.2025

பிரடெரிக்குக்கு,

நீ கூட்டத்துக்கு வரவில்லை. என்ன நடந்தது என்று ஊரே சொல்லியிருக்கும். என் வாயாலும் கேட்டுக்கொள்.

நாற்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். நான் தீர்மானத்தை வாசித்து முடித்தேன். ஹமீது சுல்தான் எழுந்து ஆதரித்துப் பேசினான். கை தூக்கச் சொல்லப் போகிற நேரத்தில் கதவு திறந்தது. உசாமா. ஒரு தடியை ஊன்றி வந்தான். எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

‘என் முட்டியில ஜவ்வு கிழிஞ்சிருக்கு’ என்றான். ‘நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. கரிசல் கோச்சுக்கு நேத்தே போன் போட்டுச் சொல்லிட்டேன். நல்லா ஆனா வா, இப்ப வேணாம்னுட்டாரு. அவுக ஆளு மூணு பேரையும் அனுப்பமாட்டாக. இனி நீங்க எதுக்கு ஓட்டுப் போடணும்னு தெரியல. அதான் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.’

ஹால் முழுக்கச் சத்தம். ஹமீது சுல்தான், ‘செயலாளருக்கு இது தெரியுமா?’ என்று கத்தினான். உசாமா என்னைப் பார்த்தான். தெரியாது என்று சொல்லிவிடுவான் போல இருந்தது. அதற்குள் நானே ‘தெரியும்’ என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத வேண்டாம். என்னைத் திருடன் என்று சொன்னவர்கள், மார்ச்சில் அந்த முட்டி போட்ட கோலுக்குத் துண்டைச் சுழற்றியவர்கள். ராஜினாமாவை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். பேனா கூட ஹமீது சுல்தானுடையது. இப்போது அவன்தான் செயலாளர்.

ஒன்று கேட்கிறேன், நேராகச் சொல். அவனுக்கு எப்படி இத்தனை துணிச்சல் வந்தது? நீதானே சொல்லிக் கொடுத்தாய்? வாய் திறக்க மாட்டேன் என்று எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அவன் வாயைத் திறந்துவிட்டாயா?

பூமிநாதன்


பாம்பன்
8.7.2025

அன்புள்ள பூமி,

நேராகவே சொல்கிறேன்.

கூட்டத்தில் போய் இப்படிப் பேசு என்று நான் அவனிடம் சொல்லவில்லை. மாதா மேல் ஆணை. சனிக்கிழமை கடலுக்குப் போன படகு காற்றில் மாட்டி ஞாயிறு பகலில்தான் கரை பிடித்தது. வரவேண்டும் என்றுதான் இருந்தேன்.

ஆனால் ஒன்று செய்தேன். வெள்ளிக்கிழமை காலையில் மண்டபத்துக்குப் போய், உன் கடிதத்தை அவன் கையில் கொடுத்தேன். கிணற்றடியில் போய் உட்கார்ந்திருந்ததாக ஆரம்பித்தாயே, அந்தக் கடிதம்.

என் வாயால் சொன்னால் நான் உனக்காகப் பேசுவது போல இருக்கும் என்று நினைத்தேன். நீ அவனைத் தள்ளிவிடவில்லை என்பது அவனுக்குத் தெரிய வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். அது எனக்கு எழுதிய கடிதம், அவனுக்கு எழுதியது அல்ல என்பது திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

அவன் இரண்டு முறை படித்தான். அப்புறம் சொன்னான்: ‘எனக்காகத்தான் செய்றாகன்னு இப்பப் புரியுது மாமா. ஆனா அங்கன இருக்க ஃபிசியோ முட்டியைத் தொட்ட உடனே கண்டுபிடிச்சிருவாரு. அப்ப பொய் சொல்லி வந்தவன்னு பேரு யாருக்கு? பூமி மாமாவுக்கா, எனக்கா? அந்தப் பேரோட நான் எந்த டீமுல போயி நிக்கிறது?’

நாம் இருவரும் கோலை எண்ணினோம், ஆளை எண்ணினோம், டாக்டரை எண்ணினோம். இது நமக்குத் தோன்றவில்லை பாரேன்.

நான் செய்தது உனக்குத் துரோகம் என்றால் துரோகம்தான். மன்னித்துக்கொள் என்று கேட்கிறேன். திருடன் என்று சொன்ன ஒவ்வொருவன் வீட்டுக்கும் போய் நான் பேசத் தயார். அரையிறுதியில் கத்தியவர்களில் நானும் ஒருத்தன் என்று சொல்லத் தயார்.

பதில் போடு.

உன்
பிரடெரிக்


பாம்பன்
11.8.2025

அன்புள்ள பூமி,

ஒரு மாதமாகிவிட்டது. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார்.

உசாமாவுக்கு மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இந்த மாதம் 20ஆம் தேதி கொடுத்திருக்கிறார்கள். காப்பீட்டில்தான். அவன் உம்மாவுக்கு ஒரே பயம். கூட யார் இருப்பது என்று தெரியவில்லை. எனக்கு முதலாளி இரண்டு நாளுக்கு மேல் விடமாட்டார். லூர்து மேரி போகலாம் என்றால் அவளுக்குச் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது.

குரூப்பில் இப்போது புது சென்டர் ஃபார்வர்டைப் பற்றி விவாதம் நடக்கிறதாம். அடுத்த தெருப் பையன் படித்துக் காட்டினான். உசாமா பெயர் ஓரிடத்திலும் இல்லை.

உனக்கு உடம்பு சரிதானே? அதை மட்டுமாவது ஒரு கார்டில் எழுது.

உன்
பிரடெரிக்


பாம்பன்
2.9.2025

அன்புள்ள பூமி,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போயிருந்தேன். உசாமா கட்டிலில் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தான். கட்டிலுக்கு அடியில் பாய், துண்டு, ஒரு சொம்பு. யார் கூட இருக்கிறார்கள் என்று கேட்டேன். ‘கமுதி அண்ணன்தான். சேத்த நாள்லேருந்து இங்கனதான் கெடக்காக. ராவும் பகலும் அவுகதான் பாக்குறாக’ என்றார்கள் அவன் உம்மா. கேன்டீனுக்குப் போயிருக்கிறாய், இப்போது வந்துவிடுவாய் என்றார்கள்.

ஒன்றரை மணி நேரம் இருந்தேன். நீ வரவில்லை. கடைசி ராமேஸ்வரம் வண்டியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

கிளம்பும்போது உசாமா, ‘நீங்க வந்ததைச் சொல்றேன் மாமா’ என்றான்.

இதற்கும் நீ பதில் போடாவிட்டால் இனி நான் தொந்தரவு செய்ய மாட்டேன்.

பிரடெரிக்


கமுதி
12.10.2025

அன்பு பிரடெரிக்,

மூன்று கடிதமும் வந்தன. மூன்றையும் படித்தேன். உடம்பு நன்றாக இருக்கிறது.

அன்றைக்கு நீ வந்தது எனக்குத் தெரியும். கேன்டீனிலிருந்து திரும்பும்போது வார்டு வாசலிலேயே உன்னைப் பார்த்துவிட்டேன். நீ அவன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். உள்ளே வரக் கால் எடுத்தேன். வரவில்லை. மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். நீ கீழே இறங்கிப் போனதையும் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். என் வயதில் ஒரு மனிதன் செய்கிற காரியமா என்று எனக்கே இருந்தது.

உசாமா இப்போது தடி இல்லாமல் நடக்கிறான். செவ்வாயும் வெள்ளியும் ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் ஃபிசியோ. இங்கேயிருந்து முதல் பஸ்ஸில் போய் அவனோடு இருந்துவிட்டு வருகிறேன். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பதற்கு அவனுக்கு மூன்று வாரம் ஆனது. பழைய வேகம் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வரும் சீசன் கிடையாது. அடுத்தது பார்க்கலாம், அதுவும் நடு வரிசையில் நின்று ஆடலாம் என்றார். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். வெளியே வந்து டீ குடிக்கும்போது, ‘எனக்கு மறுபடி ஒரு டீம் கெடைச்சா அது முட்டியைப் பாத்துட்டு எடுத்த டீமா இருக்கும் மாமா’ என்றான். அரையிறுதியைப் பற்றி அவன் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானாகத்தான் ஒரு நாள் ஃபிசியோ வாசலில் வைத்து மன்னிப்புக் கேட்டேன். ‘நானும்தானே தாங்குறேன்னேன்’ என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ செய்தது சரி. மூன்று மாதம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்தக் கடிதம் அவன் கைக்குப் போகாவிட்டால் அவன் பொய்யனாகி இருப்பான், நான் அதைவிடப் பெரிய பொய்யனாகி இருப்பேன். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் என் வாழ்க்கையிலேயே வெட்கப்பட்டு எழுதிய ஒரு பக்கத்தை இன்னொருவன் படிக்கும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். அதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது. உன் மேல் கோபம் இல்லை. உன் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

யார் வீட்டுக்கும் போய் எனக்காகப் பேச வேண்டாம். கழகம், குரூப், கூட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கிறது.

கொஞ்ச நாள் எழுதாதே. நேற்றுதான் ஒரு மழை பெய்தது. மிளகாய் விதைத்திருக்கிறேன். பங்குனிக்குள் பழம் எடுத்து முடிந்துவிடும். அதற்குப் பிறகு நானே எழுதுகிறேன். எழுதவில்லையென்றால் இன்னும் ஆறவில்லை என்று வைத்துக்கொள். போய்விட்டேன் என்று வைத்துக்கொள்ளாதே.

லூர்து மேரியின் சர்க்கரையைக் கவனி. மாத்திரையை அவள் பாதியாக உடைத்துப் போடுகிறாள் என்று உசாமாவின் உம்மா சொன்னார்கள்.

பூமி